அரைப்பேருக்கும் அலகிடலாம்: புதுக்கவிதையின் ஓசை, தொடை, அமைப்பு

‘இக்கவிதையின் ஓசை, தொடை, அமைப்பு ஆகியவற்றை ஆராய்க’ என்று கேள்வி வருகிறது. வினாத்தாளில் அதற்கு மேலே தந்திருக்கும் கவிதையோ வெண்பாவும் இல்லை, விருத்தமும் இல்லை. ஒரு வரியில் இரண்டு சொல், அடுத்த வரியில் ஒரே சொல். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தமிழ் இலக்கிய நயம் படிக்கும் பிள்ளை இந்த இடத்தில் பேனாவைக் கடிக்கத் தொடங்கிவிடும். அதுவரை வகுப்பில் கேட்டதெல்லாம் ‘புதுக்கவிதைக்கு யாப்பு கிடையாது’ என்ற ஒற்றை வரிதான். இல்லாத ஒன்றை எப்படி ஆராய்வது?

இந்தக் குழப்பத்திலிருந்து இரண்டு வகைப் பிழையான விடைகள் பிறக்கின்றன. ஒன்று, ‘இது யாப்பற்றது, எனவே ஓசை இல்லை’ என்று கைகழுவிவிடுவது. மற்றது, வரிக்கு இரண்டு சீர் இருப்பதைப் பார்த்ததும் ‘இது வஞ்சிப்பா’ என்று முத்திரை குத்துவது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் சங்கடம் தருகிறது. படித்த பிள்ளை செய்யும் பிழை அது.

புதுக்கவிதை முழுப் பாட்டுக்கும் ஒரே பாவகையை வைத்துக்கொள்வதில்லை. அதை வைத்து அசையும் சீரும் தளையும் அதில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழில் வாய் திறந்தாலே அசை விழுகிறது. கவிஞர் ஓர் ஒழுங்கைத் தொடங்கி, எங்கே அதை முறிக்கிறார் என்று பார்ப்பதுதான் இங்கே ஆராய்ச்சி.

முதலில் அடிப்படை

யாப்பின் உறுப்புகள் ஆறு: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. நமக்கு இங்கே தேவையான அளவு மட்டும்:

1. அசை இரண்டு வகை. குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், ஒற்று அடுத்து வந்தாலும் நேர் அசை. இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ வந்தால் நிரை அசை. பின்னால் ஒற்று வந்தாலும் அது நிரைதான்.

2. அசைகள் சேர்ந்தால் சீர். ஈரசைச் சீர் நான்கு: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். முதல் இரண்டும் மாச்சீர், மற்ற இரண்டும் விளச்சீர். இவற்றின் பின்னே இன்னொரு நேர் வந்தால் காய்ச்சீர்.

3. ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் சந்திக்கும் விதம் தளை. ஓசையைத் தீர்மானிப்பது இதுதான். காய்க்குப் பின் நிரை வந்தால் கலித்தளை, ஓசை துள்ளும். காய்க்குப் பின் நேர், விளத்துக்குப் பின் நேர், மாவுக்குப் பின் நிரை என வந்தால் வெண்டளை. ஓசை செப்பல், அதாவது ஒருவர் ஒருவரிடம் எடுத்துச் சொல்வது போல. மாவுக்குப் பின் நேர் வந்தால் நேரொன்றாசிரியத்தளை. ஓசை அகவல், கூப்பிடுவது போல.

4. அடிகளை அடிகளோடும் சீர்களைச் சீர்களோடும் கட்டுவது தொடை. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசியில் ஒன்றினால் இயைபு.

பாடநூல் வாய்பாட்டை மனப்பாடம் செய்ய அலுப்பாக இருந்தால் தோட்டத்துச் சொற்களையே வைத்துக்கொள்ளலாம். கொழுந்து என்பது கொழுந்-து, நிரை நேர், ஆகவே புளிமா. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டும் புளிமா. தேயிலை, பங்களா இரண்டும் நேர் நிரை, கூவிளம். ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியும் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தும் மூன்று நேர் சேர்ந்த தேமாங்காய். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லையும் தோட்டத்து வாய் தமிழ் அசைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஸ்டோர் என்று எழுதுகிறோம். மலையில் சொல்வதோ ‘இஸ்டோரு’. இஸ்-டோ-ரு: மூன்று நேர், அசல் தேமாங்காய். முன்னால் ஓர் இகரமும் பின்னால் ஓர் உகரமும் சேர்ந்ததும் அந்தச் சொல் சீராகிவிட்டது. இலக்கணம் படிக்காத வாயிலும் அசை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யாப்பு எங்கே போனது?

பாரதி வசன கவிதை எழுதிப் பார்த்தார். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழின் காலத்தில் புதுக்கவிதை ஓர் இயக்கமாகவே ஆனது. இலங்கையில் கதை சற்று வேறு. இங்கே ‘மஹாகவி’ என்ற புனைபெயரில் எழுதிய உருத்திரமூர்த்தி போன்றவர்கள் யாப்பை விடாமலே பேச்சுத் தொனியை அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே ‘பழையது யாப்பு, புதியது பேச்சு’ என்ற பிரிவினை இலங்கைக் கவிதைக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மலையகத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு: பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, கும்மி, காமன் கூத்துப் பாட்டு, தப்புப் பறையின் அடிக்குப் பாடுவது என்று ஏட்டில் ஏறாத யாப்பு ஒன்று லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நெடுங்காலம் புழங்கியிருக்கிறது. தொழிலாளர் கூட்டங்களில் பாடிப் பேசிய மீனாட்சி அம்மாள் ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில்தான் தம் அரசியலைக் கட்டினார். ஆங்கிலத்தில் கவிதை எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும்கூட. எனவே மலையகக் கவிஞர் ஒருவர் இன்று ‘யாப்பில்லாமல்’ எழுதும்போதும் அவர் காதில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கவிதை

அச்சில் வந்த ஒருவரின் கவிதையை எடுத்து அறுப்பதைவிட, இந்தக் கட்டுரைக்கென்றே எழுதிய மாதிரி ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

மலையேற மழையேறும்
தலைமேலே சுமையேறும்
தராசுமுள் ஏறலையே

சாக்குக்குக் கழிவு
தண்ணிக்குக் கழிவு
தண்டுக்குக் கழிவு

மிச்சம்
அரைப்பேர்

நாளைக்கும் கூப்பிடுங்க கணக்கப்பிள்ளை ஐயா
எந்தப் பாதி
‘வந்தேன்’ சொல்லும்?

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை பதிவாவது. நிர்ணயித்த கிலோ கொழுந்து நிறுத்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடைக்கு, இலையில் உள்ள ஈரத்துக்கு என்று கழிப்பதும் உண்டு. காலையில் பெரட்டில் பேரைக் கூப்பிடுவார்கள். இது தெரியாமல் கடைசி மூன்று வரியைத் தொடமுடியாது.

அலகிட்டுப் பார்த்தால்

அலகிடுவது என்றால் சொற்களை அசையாகவும் சீராகவும் பிரித்துப் பார்ப்பது. முதலில் இரண்டு தரம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் அலகிடுபவர் வரியை மட்டும் பார்ப்பார், மூச்சு எங்கே நிற்கிறது என்பதைத் தவறவிடுவார். சரி, வாசித்தாயிற்று. இனிக் கணக்கு.

முதல் பகுதி:

மலை-யே-ற / மழை-யே-றும்: புளிமாங்காய், புளிமாங்காய்
தலை-மே-லே / சுமை-யே-றும்: புளிமாங்காய், புளிமாங்காய்
தரா-சுமுள் / ஏ-றலை-யே: கருவிளம், கூவிளங்காய்

முதல் இரண்டு வரியிலும் ஒரே வார்ப்பு, நான்கு புளிமாங்காய். ஒவ்வொரு காய்க்குப் பின்னும் நிரை. தொடர்ந்து கலித்தளை, துள்ளல் ஓசை. இரண்டு வரியையும் சேர்த்துப் பாடினால் தெம்மாங்கின் ஓர் அடி போலவே இருக்கும், தப்புக்கும் ஒத்துப்போகும். கூடையைத் தலையில் மாட்டி மலையேறுபவளின் காலடியும் அதுதான்.

மூன்றாவது வரியின் முதல் சீரும் நிரையில்தான் தொடங்குகிறது. காது இன்னொரு புளிமாங்காயை எதிர்பார்க்கிறது. ஆனால் விளம் வருகிறது, அதன்பின் நேர் வருகிறது. துள்ளல் அறுந்து வெண்டளை விழுகிறது. பாட்டு பேச்சாக மாறும் இடம் இது. மழை ஏறியது, சுமை ஏறியது, தராசின் முள் மட்டும் ஏறவில்லை என்று பொருள் மறுக்கும் அதே இடத்தில் ஓசையும் மறுக்கிறது.

இரண்டாம் பகுதியில் மூன்று வரியும் ஒரே அச்சு: சாக்-குக்-குக் / கழி-வு, தேமாங்காய், புளிமா. முதல் பகுதியில் ஆறு சீரில் ஐந்து நிரையில் தொடங்கின. இங்கே வரியின் முதல் சீரில் நிரையே கிடையாது. நேர் நேர் நேர் என்று மூன்று குத்து. அதிலும் ‘சாக்குக்குக்’ என்ற சொல்லுக்குள் ககர ஒற்று மூன்று முறை அழுத்துகிறது. நிறுவைக் கொட்டிலில் நின்று கேட்டவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. பேனா கோடு இழுக்கும் தோரணை அது.

மூன்றாம் பகுதி ‘மிச்சம்’ தேமா, ‘அரைப்பேர்’ புளிமா. சேர்த்து எழுதியிருந்தால் அழகான ஒரு குறளடி, அதாவது இரண்டு சீர் கொண்ட அடி. ஏன் பிரித்தார்? மரபில் அடி என்றால் ஆகக் குறைந்தது இரண்டு சீர். ஒரு சீர் தனியே நின்றால் அதைக் கூன் என்றோ தனிச்சொல் என்றோதான் சொல்வார்கள், அடியாக எண்ணமாட்டார்கள். முழு அடிக்குப் போதாத சீர், முழு நாளுக்குப் போதாத கிலோ. பாதி அடிதான் அரைப்பேருக்கு இடம்.

ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசை என்று கூட்டினால்: 6, 6, 5, பிறகு 5, 5, 5, பிறகு 2, 2. கழித்துக்கொண்டே போகிறது. இதைக் கவிஞர் எண்ணி எழுதினார் என்று விடைத்தாளில் எழுதவேண்டாம். ஓசை இப்படிக் குறைகிறது என்று காட்டினாலே போதும்.

அப்புறம் திடீரென்று 12 அசையில் ஒரு வரி: ‘நாளைக்கும் கூப்பிடுங்க கணக்கப்பிள்ளை ஐயா’. நான்கு சீர், அளவடி. கவிதையில் இதுதான் மிக நீளமான வரி, முதல்முறையாக ஓர் ஆளை விளித்துப் பேசும் வரியும் இதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கணக்கப்பிள்ளை’ என்ற சொல் கணக்-கப்-பிள்-ளை என நான்கு அசை, புளிமாந்தண்பூ. கவிதையில் வேறெந்தச் சொல்லும் மூன்று அசையைத் தாண்டவில்லை. பதவி சீருக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

கடைசி இரண்டு வரி: எந்-தப் / பா-தி, வந்-தேன் / சொல்-லும். எட்டு அசையும் நேர். நான்கும் தேமா. மாவுக்குப் பின் நேர், மீண்டும் மாவுக்குப் பின் நேர்: நேரொன்றாசிரியத்தளை, அகவல் ஓசை. அகவுதல் என்றாலே கூப்பிடுதல்தானே. பெரட்டில் கூப்பிடுவதைப் பற்றிய வரிக்கு இந்த ஓசை வந்து சேர்ந்திருக்கிறது.

தொடையைத் தலையில் தேடுங்கள்

சினிமாப் பாட்டுக் கேட்டுப் பழகிய காது வரியின் கடைசியில் ஒத்த ஓசை தேடும். அது இயைபு, தமிழில் அதுவும் ஒரு தொடைதான். ஆனால் நம் மரபில் கட்டு பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்கிறது. புதுக்கவிதையை வாசிக்கும்போது இடது ஓரத்தை மேலிருந்து கீழாகப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இங்கே இடது ஓரம்: மலை, தலை, தரா, சாக்கு, தண்ணி, தண்டு, மிச்சம், அரை, நாளை, எந்த, வந்தேன்.

1. மலை–தலை: இரண்டாம் எழுத்து ‘லை’ ஒன்றுகிறது, எதுகை. மூன்றாவது வரியில் ‘தரா’ என்று வந்து எதுகை விட்டுப்போகிறது. ஓசை முறிந்த அதே வரியில் எதுகையும் முறிகிறது, ‘ஏறும்’ என்ற இயைபும் ‘ஏறலையே’ என்று கலைகிறது. மூன்றும் ஒரே வரியில் நடப்பதுதான் கவனிக்கவேண்டியது. ஆனால் கயிறு முழுதாக அறவில்லை: தலை–தரா, ‘த’ என்ற மோனை தொடர்கிறது.

2. சாக்கு–தண்ணி–தண்டு: சகரமும் தகரமும் மோனைக்கு இனவெழுத்துகள், ஆகாரமும் அகரமும் இனம். எனவே சா–த மோனைதான். தண்ணி–தண்டு இரண்டிலும் ‘ண்’ எதுகையும் சேர்ந்துகொள்கிறது. எழுத்து வழக்கில் ‘தண்ணீர்’ என்று திருத்தினால் ‘தண்ணீருக்கு’ என்றாகி நான்கு அசைக்கு நீண்டுவிடும். பேச்சு வழக்குதான் இங்கே யாப்பைக் காப்பாற்றுகிறது.

3. ‘கழிவு’ மூன்று முறை. இதை இயைபு என்று எழுதலாம், பிழையில்லை. ஒரே சொல் திரும்பி வருவதால் ஓசைக்காக வந்தது என்பதைவிட, பட்டியல் வாசிப்பது போன்ற உணர்வுக்காக வந்தது என்று சொல்வது பொருத்தம்.

4. மிச்சம், அரை, நாளை: இவற்றுக்குள் எந்தக் கட்டும் இல்லை, செந்தொடை. அரைப்பேர் விழுந்த இடத்தில் பாட்டு அவிழ்ந்து கிடக்கிறது.

5. எந்த–வந்தே: ‘ந்’ எதுகை. நடுவில் காணாமற்போன எதுகை முடிவில் திரும்புகிறது.

அமைப்பு: வினை, ஆள், குறி

அமைப்பு என்றதும் ‘நான்கு பகுதிகள் உள்ளன’ என்று எழுதிவிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். பகுதிகளுக்குள் என்ன மாறுகிறது என்று பார்க்கவேண்டும்.

முதல் பகுதியில் வரிக்கு வரி வினைமுற்று உண்டு: ஏறும், ஏறும், ஏறலையே. இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் ஒரு வினைமுற்றும் இல்லை. வெறும் பெயர்ச்சொற்கள், கணக்குப் புத்தக நடை. யார் கழித்தார் என்று சொல்லாமல் ‘கழிவு’ என்று மட்டும் சொல்வதால் செய்தவர் மறைந்துவிடுகிறார். நான்காம் பகுதியில் வினை திரும்பி வருகிறது, செய்தவரின் பதவியும் வருகிறது.

முதல் வரியில் ஏறிய மழைதான் ஐந்தாம் வரியில் ‘தண்ணிக்குக் கழிவு’ ஆகிறது. அவள் நனைந்ததற்கு அவளிடமே வசூல். கவிதை இதை எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. வரிகளின் வரிசை சொல்லிவிடுகிறது. நல்ல அமைப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

இன்னொன்று. கவிதை முழுவதும் தேடினாலும் ‘நான்’, ‘என்’ கிடையாது. ‘தலைமேலே’ என்றால் யார் தலை? சொல்லவில்லை. தன்மை இடம் வருவது ஒரே இடத்தில், ‘வந்தேன்’ என்ற சொல்லில். அதுவும் மேற்கோள் குறிக்குள், வராத ஒரு பாதியின் வாயில். அந்த மேற்கோள் குறியையும் கேள்விக்குறியையும் தவிர வேறு நிறுத்தக்குறியும் கவிதையில் இல்லை.

வஞ்சிப்பா இல்லையா?

எட்டு வரி குறளடியாக இருக்கின்றன, உண்மை. ஆனால் வஞ்சிப்பா என்றால் அதற்குரிய தூங்கல் ஓசை வேண்டும், தனிச்சொல் வந்து ஆசிரியச் சுரிதகத்தால் முடியவேண்டும். இங்கே எதுவும் இல்லை. ‘குறளடிகளை மிகுதியாகக் கொண்ட புதுக்கவிதை, நாட்டார் பாடல் ஓசையில் தொடங்கிப் பேச்சோசைக்கு மாறுகிறது’ என்று எழுதினால் சரியாக இருக்கும்.

மாற்றிப் பார்க்கும் சோதனை

இவ்வளவும் நாமாக ஏற்றிச் சொல்வதா, கவிதையில் உள்ளதா? சந்தேகம் நியாயமானது. அதற்கு ஒரு வழி, ஒரு வரியை மாற்றி வைத்து வாசித்துப் பார்ப்பது.

1. மூன்றாம் வரியை ‘தராசேனோ நகராதே’ என்று வைத்துப் பாருங்கள். தரா-சே-னோ, நக-ரா-தே: இரண்டும் புளிமாங்காய். பொருள் பெரும்பாலும் அதேதான். ஓசை கனகச்சிதம். ஆனால் முள் நகரவில்லை என்று சொல்லிக்கொண்டே பாட்டு ஆடிக்கொண்டு போகிறது.

2. ‘மிச்சம் அரைப்பேர்’ என்று ஒரே வரியாக்குங்கள். மேலே உள்ள கழிவு வரிகளோடு அதுவும் ஒரு பட்டியல் வரியாகிவிடும், கூட்டுத்தொகையாக நிற்காது.

3. கடைசி வரியில் ‘இருக்கேன்’ என்று போடுங்கள். பேர் கூப்பிட்டால் அப்படிப் பதில் சொல்பவர்களும் உண்டு, ஆகவே பொருளில் குறை இல்லை. இருக்-கேன் புளிமா, ‘பாதி’யோடு சேரும்போது மாவுக்குப் பின் நிரை வந்து வெண்டளை ஆகிவிடும். ‘எந்த’ என்பதற்கு எதுகையும் போய்விடும். அவள் ஏதோ விவரம் சொல்வது போலிருக்கும், பெரட்டுக்களத்தில் நின்று குரல் கொடுப்பது போலிருக்காது.